‘கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியுதே!’: டிக் கோளாறு பற்றிய இருநூறு ஆண்டு வாதம்

எட்டு வயதுப் பையன் கண்ணைப் பட்டுப் பட்டென்று இமைக்கிறான். சில மாதம் கழித்து அது நின்று, கழுத்தை ஒரு பக்கமாக வெட்டுகிறான். அதுவும் குறைந்த பிறகு தொண்டையைக் கனைக்கத் தொடங்குகிறான். ‘நிறுத்துடா’ என்று அப்பா அதட்டினால் நிறுத்துகிறான். ஐந்து நிமிடம், சில சமயம் பத்து நிமிடம். அப்புறம் மறுபடியும். இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான்: அதட்டினால் நிறுத்த முடிகிறதென்றால், இவன் வேண்டுமென்றேதானே செய்கிறான்?

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் இந்தக் கேள்வி நேராக நரம்பியல் மருத்துவரிடம் போவது அரிது. இமைப்புக்குக் கண் மருத்துவர், கனைப்புக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கழுத்து வெட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் தண்டனை, வீட்டில் பூச்சி மருந்து, கோயிலில் மந்திரிப்பு என்று தனித்தனி வாசல்களில் அது பிரிந்து போகிறது. எல்லாம் ஒரே நிலையின் வெவ்வேறு முகங்கள் என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடலாம். இந்தத் தாமதத்துக்குப் பெற்றோரின் அறியாமை மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. இதே கேள்விக்கு மருத்துவமும் 200 ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று முரணான பதில்களைச் சொல்லி வந்திருக்கிறது. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறின, இன்று எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

எதை டிக் என்கிறோம்

திடீரென்று, வேகமாக, ஒரே மாதிரி, தாளக்கட்டில்லாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவோ ஒலியோதான் டிக். இமைத்தல், மூக்கைச் சுளித்தல், தோளைக் குலுக்குதல் அசைவு வகை. கனைத்தல், மூக்கை உறிஞ்சுதல், சின்னதாகக் கத்துதல் ஒலி வகை. தொடங்கி ஓராண்டு ஆகாவிட்டால் தற்காலிக டிக் கோளாறு. ஓராண்டைத் தாண்டியும் அசைவு மட்டுமோ ஒலி மட்டுமோ தொடர்ந்தால் நீடித்த டிக் கோளாறு. ஒன்றுக்கு மேற்பட்ட அசைவு டிக்கும் ஓர் ஒலி டிக்காவதும் ஓராண்டுக்கு மேல் இருந்து, 18 வயதுக்குள் தொடங்கியிருந்தால் அது டூரெட் நோய்க்குறி. பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தலைகாட்டி, 10 முதல் 12 வயதில் உச்சத்தைத் தொட்டு, பதின்பருவத்தின் பிற்பகுதியில் பலருக்குத் தணிகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். கெட்ட வார்த்தை கத்துவதுதான் டூரெட் என்று சினிமாவும் தொலைக்காட்சியும் பதியவைத்த எண்ணம் தவறு. அந்த அறிகுறி சுமார் 10 முதல் 15 சதவீதம் பேரிடம் மட்டுமே வருகிறது.

இரண்டு குணங்கள் இந்த நிலையைப் புரிந்துகொள்வதை எப்போதும் கடினமாக்கி வந்திருக்கின்றன. முதலாவது, கொஞ்ச நேரம் அடக்க முடிவது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளைக் கேட்டால், டிக் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஓர் உறுத்தல் ஏறுவதாகச் சொல்கிறார்கள். தும்மலுக்கு முன் மூக்கில் ஏறும் நமைச்சல் மாதிரி. தும்மலைச் சற்று நேரம் பிடித்து வைக்கலாம் என்பதால் யாரும் வேண்டுமென்றே தும்முகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது, தானாக ஏறி இறங்குவது. சில வாரம் கடுமை, சில வாரம் அமைதி, பிறகு வேறு இடத்தில் வேறு வடிவம். பெற்றோர் உச்சக் கட்டத்தில்தான் பதறிப்போய் ஏதாவது செய்கிறார்கள். உச்சத்துக்குப் பின் வருவது இறக்கம். ஆகவே பூச்சி மருந்தும் ‘வேலை செய்கிறது’, தாயத்தும் ‘வேலை செய்கிறது’, புதுக் கண்ணாடியும் ‘வேலை செய்கிறது’. இந்த மயக்கத்திலிருந்து மருத்துவர்களும் தப்பியதில்லை.

பாரிஸில் தொடங்கிய வழக்கு

1825ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் ழான் இட்டார் ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி எழுதினார். ஏழு வயதில் கை அசைவுகளில் தொடங்கி, பிறகு கூச்சலும் தகாத சொற்களும் அவரையறியாமல் வெளிப்பட்டன. 60 ஆண்டுகள் கழித்து, 1885இல், நரம்பியல் மருத்துவர் ஜில் த லா டூரெட் அந்தப் பெண்மணியையும் சேர்த்து ஒன்பது பேரின் விவரங்களை வெளியிட்டார். அவருடைய ஆசான் ஷார்கோ இந்த நிலைக்கு மாணவரின் பெயரையே சூட்டினார். இது பரம்பரையாக வருவது, நரம்பு சார்ந்தது, குணமாகாதது என்பது அவர்கள் நிலைப்பாடு. நோய்க்குறியை அடையாளம் கண்டதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் பரம்பரை என்று அவர்கள் சொன்னதற்குப் பின்னால், குடும்பமே சீரழிகிறது என்ற அக்காலத்து எண்ணம் ஒளிந்திருந்தது. சிகிச்சை என்று சொல்லவும் அவர்களிடம் ஒன்றுமில்லை.

1902இல் மேஜ், ஃபைன்டல் என்ற இருவர் டிக் பற்றித் தனி நூலே எழுதினார்கள். நோயாளி ஒருவரின் வாக்குமூலத்தோடு தொடங்கும் அந்த நூல், டிக்கை மன உறுதியின் குறைபாடாகப் பார்த்தது. கண்ணாடி முன் அசையாமல் நிற்கப் பழக்குவது போன்ற பயிற்சிகளை அது முன்வைத்தது. மன உறுதி பற்றிய அவர்களது விளக்கம் நிலைக்கவில்லை. பயிற்சியால் டிக்கைக் குறைக்கலாம் என்ற கணிப்போ 70 ஆண்டுகள் கழித்து வேறு உருவில் உயிர்பெற்றது. விளக்கம் தவறாக இருந்தும் சிகிச்சை யோசனை பாதி சரியாக அமைவதை இந்த வரலாற்றில் மறுபடியும் பார்ப்போம்.

மனமே காரணம் என்ற காலம்

1921இல் ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் சாண்டோர் ஃபெரென்சி, டிக்கை அடக்கப்பட்ட பாலுணர்வோடு இணைத்து எழுதினார். 1940களில் அமெரிக்காவில் மார்கரெட் மாலர் குடும்ப உறவின் இறுக்கங்களையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தார். இந்த நிலைப்பாடு பெரிதாக எதையும் குணப்படுத்தியதாகச் சான்றில்லை. பிள்ளையின் டிக்குக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற குற்றச்சாட்டை மட்டும் அது விட்டுச் சென்றது. முதலாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டிப் பரவிய மூளை அழற்சித் தூக்க நோயிலிருந்து பிழைத்தவர்கள் சிலருக்கு டிக் போன்ற அசைவுகள் வந்ததைக் கண்முன்னே பார்த்தும், மருத்துவ உலகின் பெரும்பகுதி மன விளக்கத்தை விடவில்லை. அந்தப் பிடிவாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் தாய்மார்கள். ‘நீ செல்லம் கொடுத்ததால்தான்’ என்று நம் வீடுகளில் இன்றும் மருமகளின் தலையில் விழும் பழி அதன் தூரத்து உறவுதான்.

ஹாலோபெரிடால் மாற்றிய கணக்கு

1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சன் குழுவினர் உருவாக்கிய ஹாலோபெரிடால், கடுமையான மனநோய்களுக்கான மருந்து. 1961இல் பிரான்சில் அது ஒரு டூரெட் நோயாளிக்குப் பலனளித்ததாகப் பதிவானது. நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்தர் ஷப்பீரோ, இலேன் ஷப்பீரோ தம்பதி 1968இல் ஒரு பிரிட்டிஷ் இதழில் இளம்பெண் ஒருவரின் சிகிச்சையை விவரித்து, உளப்பகுப்பாய்வு விளக்கத்தை நேரடியாக மறுத்தார்கள். 1972இல் பெற்றோர்கள் சேர்ந்து அமெரிக்காவில் டூரெட் சங்கம் தொடங்கினார்கள். பழி தாயிடமிருந்து, மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருள் இயங்கும் சுற்றுக்கு நகர்ந்தது. அது பல்லாயிரம் குடும்பங்களுக்கு விடுதலை.

ஆனாலும் மருந்து வேலை செய்கிறது என்பதாலேயே காரணம் தெரிந்துவிட்டதாகாது. டோப்பமினைத் தடுக்கும் மருந்துகள் டிக்கைக் குறைக்கின்றன. பெரும்பாலும் முழுமையாக அழிப்பதில்லை. கூடவே தூக்கக் கலக்கம், எடை ஏற்றம், தசை இறுக்கம், நீண்ட நாள் பயன்பாட்டில் வேறு வகைத் தன்னிச்சை அசைவுகள் ஆகிய ஆபத்துகள் வருகின்றன. அசைவை நிறுத்தக் கொடுத்த மருந்தே அசைவைக் கொண்டுவரக்கூடும் என்பது சின்ன விஷயமல்ல. பிமோசைடு, ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் என்று பிற்பாடு வந்தவற்றிலும் பக்க விளைவுகள் உண்டு, அளவும் தன்மையும் வேறு. இரத்த அழுத்த மருந்தான குளோனிடின் இவற்றைவிட மென்மையானது; கவனக் குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக உதவுகிறது. அதையும் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

டூரெட் உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்பு நிலையும், கணிசமானோருக்கு எண்ணச் சுழற்சி நோயும் (ஓ.சி.டி) சேர்ந்தே இருக்கின்றன. படிப்பையும் நட்பையும் டிக்கைவிட இவையே அதிகம் கெடுக்கலாம். கவனக் குறைவுக்கான மெத்தில்ஃபெனிடேட் டிக்கை ஏற்றிவிடும் என்ற அச்சம் நெடுங்காலம் இருந்தது. 136 பிள்ளைகளிடம் நடந்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு அந்த அச்சத்தை உறுதிசெய்யவில்லை. எதற்கு மருந்து கொடுக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யவேண்டும். கண்ணில் படுவது டிக் என்பதால் டிக்குக்கே மருந்து என்ற அவசரம் வேண்டாம்.

பழக்கம் என்ற சொல் திரும்பி வந்தது

1973இல் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற உளவியலாளர்கள் ‘பழக்கத்தைத் திருப்பும்’ பயிற்சியை வெளியிட்டார்கள். டிக்கை மூளை நோய் என்று நிறுவப் போராடியவர்களுக்கு இது பின்னோக்கிய அடியாகப் பட்டது. பயிற்சியால் மாறும் என்றால், வேண்டுமென்றே செய்கிறார்கள் என்ற பழைய பழி திரும்பிவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். நம் ஊர் அப்பாவின் அதட்டலை நினைத்தால் அந்த அச்சம் வீணானதல்ல என்று புரியும்.

பயிற்சிக்கும் அதட்டலுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. பிள்ளை முதலில் தன் டிக்கையும் அதற்கு முந்தைய உறுத்தலையும் கவனிக்கக் கற்றுக்கொள்கிறான். உறுத்தல் ஏறும்போது அந்த டிக்கோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத வேறொரு மெல்லிய அசைவைச் செய்கிறான். கழுத்து வெட்டுக்கு மோவாயைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்துத் தசையை நிதானமாக இறுக்குவது, கனைப்புக்கு மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுவது, இமைப்புக்கு வேண்டுமென்றே நிதானமாக இமைப்பது. உறுத்தல் தானே தணியும்வரை அதைப் பிடித்திருக்கவேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் டிக்கை ஏற்றும் சூழல்களைக் கண்டு மாற்றுவது இன்னொரு பாதி. ‘செய்யாதே’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதும், டிக் வந்ததும் வீட்டுப்பாடத்திலிருந்து விடுவிப்பதும், சுற்றியிருப்பவர்கள் உற்றுப் பார்ப்பதும் அந்தச் சூழல்களில் அடங்கும். பெற்றோரும் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் கற்கும் முதல் பாடம் டிக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பது.

2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 9 முதல் 17 வயதுள்ள 126 பேர் பங்கேற்றார்கள். பத்து வாரங்களில் எட்டு அமர்வுகள். பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதம் பேர் தெளிவாக முன்னேறினார்கள். ஆதரவுப் பேச்சும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் அது 18.5 சதவீதம். பெரியவர்களிடம் நடந்த 2012ஆம் ஆண்டு ஆய்வில் விகிதம் குறைவு: 38.1க்கு 6.4. அடக்கினால் பிறகு இரண்டு மடங்காக வெடிக்கும் என்று பலர் நம்புவதைச் சோதனைக்கூட ஆய்வுகள் பெரும்பாலும் உறுதிசெய்யவில்லை. 2019இல் அமெரிக்க நரம்பியல் கழகத்தின் வழிகாட்டுதல், சிகிச்சை தேவைப்படும்போது மருந்துக்கு முன் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. எல்லா டிக்குக்கும் சிகிச்சை வேண்டியதில்லை என்பதையும் அதே ஆவணம் சொல்கிறது. பிள்ளைக்கு வலியோ இடைஞ்சலோ அவமானமோ இல்லையென்றால், விளக்கிச் சொல்லிக் காத்திருப்பதே போதும்.

இதன் பலவீனங்களையும் மறைக்கக்கூடாது. ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலன் போதவில்லை. உறுத்தலை இன்னும் உணர முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு இது கடினம். ஆய்வுகளில் பங்கேற்றவர்கள், வாரந்தோறும் வந்துபோகக்கூடிய குடும்பத்தினர். அந்தக் கடைசிக் காரணம் நம் பகுதிக்கு வரும்போது பெரிதாகிறது.

தொண்டைப் புண்ணும் டிக்கும்

1998இல் அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோவும் அவரது குழுவும் 50 பிள்ளைகளின் விவரங்களை வெளியிட்டார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பின் திடீரென எண்ணச் சுழற்சியோ டிக்கோ வெடித்துக் கிளம்புவதாகவும், உடலின் எதிர்ப்பாற்றல் மூளையையே தாக்குவதாகவும் அவர்கள் கருதினார்கள். பாண்டாஸ் என்று பெயரிடப்பட்ட இந்தக் கருத்து பெற்றோரிடையே வேகமாகப் பரவியது. தொற்று என்றால் ஆண்டிபயாடிக் உண்டு. அந்த நம்பிக்கையின் ஈர்ப்பு புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் அடிக்கடி வரும், டிக்கும் அடிக்கடி ஏறும். இரண்டும் ஒரே வாரத்தில் வருவது தற்செயலாகவும் இருக்கலாம். ஐரோப்பாவில் டிக் உள்ள 715 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கும் டிக் ஏறுவதற்கும் தொடர்பு தென்படவில்லை. மிகத் திடீரெனத் தொடங்கும் சிறு குழு ஒன்று தனியாக இருக்கிறதா என்ற வாதம் முடியவில்லை. சாதாரண டிக்குக்கு மாதக்கணக்கில் ஆண்டிபயாடிக் கொடுக்க இன்றுள்ள சான்று போதாது.

நம் ஊருக்கு இதில் வேறொரு எச்சரிக்கை உண்டு. அதே தொற்றிலிருந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இந்தியாவில் மறையவில்லை. அதன் ஒரு வெளிப்பாடான சிடன்ஹாம் கொரியா, பிள்ளையின் கைகால்களை ஓயாமல் நெளியவைக்கும். அதை டிக் என்று தவறாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி திரும்பாத நெளிவு, கையெழுத்து திடீரெனக் கெடுவது, பிடித்த பொருள் நழுவுவது, மூட்டு வலி இருந்தால் இதயத்தைப் பரிசோதித்தே ஆகவேண்டும். கொரியாவாக இருந்தால் பல ஆண்டு பென்சிலின் ஊசி இதயத்தைக் காக்கும். இங்கே ‘வெறும் பழக்கம்தான்’ என்ற அலட்சியம் உயிருக்கே ஆபத்து.

திடீரெனத் தொடங்குவதெல்லாம் தொற்றோடு தொடர்புள்ளதும் அல்ல. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கனடா, பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகளில் பதின்வயதுப் பெண்கள் பலருக்கு ஓரிரு நாளில் கடுமையான டிக் போன்ற அசைவுகள் தோன்றின. டூரெட் பற்றிய காணொளிகளைப் பார்த்தவர்கள் அவர்களில் பலர். இது நடிப்பல்ல, டூரெட்டும் அல்ல. மூளையின் அமைப்பில் பழுதில்லாமல் அதன் இயக்கத்தில் வரும் தடுமாற்றம் என்ற பொருளில் ‘செயல்பாட்டு நிலை’ என்கிறார்கள். டோப்பமின் மருந்து இதற்குப் பெரிதாக உதவுவதில்லை, மனநலச் சிகிச்சை உதவுகிறது. மனமா மூளையா என்ற பழைய பிரிவினையே பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

மூளையில் கம்பி

ஒரு டூரெட் நோயாளியின் மூளையில் தலாமஸ் பகுதியில் முதன்முதலாக மின்முனை பொருத்தியதை 1999இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்டார்கள். 2018இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டின்படி 185 பேரிடம் ஓராண்டில் சராசரியாக 45 சதவீத முன்னேற்றம் தெரிந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு பாதகம் நேர்ந்தது. எல்லாச் சிகிச்சையும் தோற்ற, கடுமையான பாதிப்புள்ள வெகுசிலருக்கு மட்டுமே இது.

சென்னைக்கு இந்தத் துறையில் ஒரு முன்கதை உண்டு, அதை மறக்கக்கூடாது. 1960களிலும் 70களிலும் அரசுப் பொது மருத்துவமனையில் வி. பாலசுப்பிரமணியம், பி. ராமமூர்த்தி, டி.எஸ். கனகா ஆகியோர், கட்டுக்கடங்காத துறுதுறுப்பும் மூர்க்கமும் உள்ளவர்களுக்கு மூளையின் அமிக்டலா பகுதியில் அறுவை செய்து உலகளவில் அறியப்பட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களில் பலர் குழந்தைகள். அது டிக்குக்கான அறுவையல்ல. வேறு வழியில்லாத குடும்பங்களுக்கு உதவும் நோக்கத்தோடு செய்யப்பட்டதை மறுக்கவும் முடியாது. ஆயினும் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு, சம்மதம் சொல்ல இயலாத நோயாளிகள் என்ற இரு கேள்விகளும் இன்றைய அளவுகோலில் கனமானவை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலையும் கட்டாயமாக்கியிருப்பது இந்தப் பின்னணியில் சரியான முடிவு.

வரிசை தலைகீழாகும் இடம்

பல நாட்டு ஆய்வுகள் டூரெட் நோய்க்குறி ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 3 முதல் 9 பேருக்கு இருப்பதாக மதிப்பிடுகின்றன. அதே அளவு இங்கும் பொருந்தும் என்று கொண்டால், 2,000 பேர் படிக்கும் பள்ளியில் 6 முதல் 18 பேர். ஆவடி, அம்பத்தூர் போன்ற ஊர்களில் அத்தனை பெரிய பள்ளிகள் சாதாரணம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் பட்டியலில் கவனக் குறைவும் கற்றல் குறைபாடும் ருமாட்டிக் இதய நோயும் உண்டு, டிக் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் அட்டவணை, நீடித்த நரம்பியல் நிலைகளுக்கு எடுத்துக்காட்டாக இரண்டை மட்டும் பெயர் சொல்கிறது. அவற்றில் டூரெட் இல்லை. ஆகவே தேர்வில் தனி அறை, கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கும் பெற்றோர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வாதாடவேண்டியிருக்கிறது. 2018இல் ராணி முகர்ஜி டூரெட் உள்ள ஆசிரியையாக நடித்த ‘ஹிச்கி’ இந்திப் படம் இந்த நிலைக்கு ஒரு முகம் கொடுத்தது. வகுப்பறை வாசலைத் தாண்டி அது எவ்வளவு தூரம் போனது என்பது வேறு விஷயம்.

சான்றுகளின் வரிசை தெளிவு: விளக்கம், காத்திருப்பு, பயிற்சி, பிறகு மருந்து. இந்தப் பகுதியில் கிடைப்பதன் வரிசை அதற்கு நேர் எதிர். மாத்திரை மலிவு, ஹாலோபெரிடாலும் ரிஸ்பெரிடோனும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. மேற்குப் புறநகரைச் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் ஒரு ரயிலும் ஒரு பேருந்தும் மாறினால் எட்டும் தூரம். ஈ.எஸ்.ஐ அட்டை உள்ள தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு அயனாவரம் மருத்துவமனை உண்டு. மருத்துவர் கிடைப்பார். எட்டு அமர்வு உட்கார்ந்து, பேச்சுத் தமிழில், இந்தப் பயிற்சியை முறையாகக் கற்றுக்கொடுக்கும் உளவியலாளர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் எட்டு அமர்வு என்பது ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு எட்டு முறை சம்பள வெட்டு, பிள்ளைக்கு எட்டு முறை பள்ளி விடுப்பு.

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 224 பிள்ளைகளிடம் இணையவழி நடந்து 2021இல் வெளியான ஆய்வில், சிகிச்சையாளரின் துணையோடு வீட்டிலிருந்தே செய்யும், இதையொத்த நடத்தைப் பயிற்சி மிதமான, ஆனால் தெளிவான பலனைக் காட்டியது. தொலைதூர மனநலச் சேவை தமிழுக்குப் புதிதல்ல: அண்ணாநகர் மேற்கில் இயங்கும் ஸ்கார்ப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010 முதலே புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோனது. 2022இல் தொடங்கிய 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். அதில் டிக் பயிற்சி கிடைப்பதாகச் சொல்லவில்லை. பாதை போடப்பட்டிருக்கிறது என்கிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தில் உள்ள உளவியலாளர்களுக்கும் பள்ளி ஆலோசகர்களுக்கும் இந்த ஒரு பயிற்சியைக் கற்றுக்கொடுப்பது, புதிய மருத்துவமனை கட்டுவதைவிட எவ்வளவோ சிறிய வேலை.

முடியாத கேள்விகள்

பரம்பரை பற்றி ஷார்கோ குழுவினர் சொன்னது பெருமளவு சரிதான் என்று 1985ஆம் ஆண்டு இரட்டையர் ஆய்வு காட்டியது: ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் இருவருக்கும் டூரெட் இருந்தது 53 சதவீதம், மற்ற இரட்டையரில் 8 சதவீதம். அந்த 53, நூறாக இல்லாதது ஏன் என்பதற்கு இன்னும் நிறைவான பதில் இல்லை. 2005இலும் 2010இலும் கண்டறியப்பட்ட தனி மரபணு மாற்றங்கள் வெகு சில குடும்பங்களையே விளக்குகின்றன. யாருக்கு வயதோடு தணியும், யாருக்கு நீடிக்கும் என்று எட்டு வயதில் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. பயிற்சி உறுத்தலைக் குறைக்கிறதா, உறுத்தலைத் தாங்கும் திறனை வளர்க்கிறதா என்பதும் தீரவில்லை.

வேண்டுமென்றே செய்கிறானா என்ற கேள்விக்கு மட்டும், இன்றுள்ள சான்றுகளைக் கொண்டு, ஓரளவு உறுதியாக இல்லை என்று சொல்லலாம். அடக்க முடிவது உண்மை. அதற்கு உழைப்பு வேண்டும், அந்த உழைப்பு வகுப்பில் பாடத்துக்குப் போகவேண்டிய கவனத்தைத் தின்கிறது. இந்தியாவுக்கென்று இன்னும் பதில் கிடைக்காத கேள்விகள் வேறு: கூட்டுக் குடும்பத்தில் பாட்டி, பெரியப்பா எல்லோரும் ‘செய்யாதே’ என்பதை நிறுத்தினால் பயிற்சியின் பலன் கூடுமா, அமர்வுகளை எட்டிலிருந்து நான்காகக் குறைத்துத் தொலைபேசியோடு சேர்த்தால் பலன் எவ்வளவு மிஞ்சும், செவிலியரோ பள்ளி ஆலோசகரோ கற்றுக்கொடுத்தால் உளவியலாளர் தரும் பலன் வருமா. இவற்றைச் சோதிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிகள் சிலவும், இரண்டு ஆண்டுகளும், தமிழில் எழுதிய ஒரு பயிற்சிக் கையேடும் போதும்.